எனக்கு நானே எழுதிய ராஜினாமா

துபாயில், தேராவில், எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு என்னைத் துணைத் தலைவராகப் போட்டபோது, நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். இதில் என்ன வேலை செய்யவேண்டும்? தலைவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்.

"ஒரு வேலையும் இல்ல தம்பி. நான் நல்லா இருக்கேனான்னு பாத்துக்கிட்டா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதை அப்படியே மனதில் எழுதிக்கொண்டேன்.

எழுபத்து மூன்றாம் வருடக் கடைசி அது. நாங்கள் பதினான்கு பேர், எல்லாரும் ராமநாதபுரம் கடற்கரையில் ஒரே ஊர்க்காரர்கள், தேராவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட உட்காரும்போதே சங்கக் கூட்டமும் நடந்துவிடும். முன்பு துணைத் தலைவராக இருந்தவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தலைவர் என் பெயரைச் சொன்னார். சம்மதமா என்று கேட்டதற்கு எல்லாரும் இடது கையைத் தூக்கினார்கள். வலது கையில் சோறு இருந்தது. இப்படித்தான் நான் பதவிக்கு வந்தேன். தேர்தல் கிடையாது, ஓட்டு கிடையாது. சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள மீன் ஆணம் மட்டும் இருந்தது.

என்னை ஏன் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். நான் எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டேன். மறுத்தால் அவர்கள் மனம் என்ன ஆகுமோ என்ற கவலை. எனக்குக் கவலை சின்ன வயதிலேயே வந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அடுத்த வாரம் பரீட்சை என்று சொன்னார். நான் அந்த வாரத்தோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். அதன்பிறகு படித்ததெல்லாம் மசாலாச் சந்தைக் கடையில் ஏலக்காய் மூட்டைமேல் ஒட்டியிருக்கும் சீட்டுகளும், பொட்டலம் மடிக்க வரும் பழைய பேப்பர்களும்தான்.

ஆனால் எங்கள் செயலாளர் பி.ஏ. படித்தவர். கப்பல் கம்பெனி ஆபீஸில் கிளார்க் வேலை. சங்கத்துக்கு விதிமுறை எழுதவேண்டும் என்று வந்தபோது, ஒரு சங்கத்தின் விதிமுறை எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செயலாளருக்கும் தெரியாது. அதை அவர் சொல்லவில்லை. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது கல்லூரியில் பரீட்சைக்குப் படித்த இந்திய அரசியல் சட்டம் ஒன்றுதான். ஜனாதிபதி என்று வரும் இடத்தில் தலைவர் என்றும், உப ஜனாதிபதி வரும் இடத்தில் துணைத் தலைவர் என்றும் போட்டு, கோடு போட்ட நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டார்.

அதனால் பதினான்கு பேர் தங்கியிருந்த இரண்டு அறைகளுக்கு ஒரு பெரிய நாட்டின் சட்டம் வந்து சேர்ந்தது. தலைவர் இறந்துபோனாலோ விலகினாலோ துணைத் தலைவர் அந்த வேலையைப் பார்ப்பார். ஆனால் அவர் தலைவர் ஆகிவிட மாட்டார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைத்துப் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தலைவர் விலகினால் கடிதத்தைத் துணைத் தலைவரிடம் கொடுக்கவேண்டும். துணைத் தலைவர் விலகினால் தலைவரிடம். இரண்டு பேருமே இல்லாமல் போனால் தலைமை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

தலைமை நீதிபதி எங்கள் சமையல்காரர்.

அந்த வரியை எழுதிய பிறகுதான் நமக்கு நீதிபதி இல்லையே என்பது செயலாளருக்கு உறைத்தது. வரியை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை, கையெழுத்து கெட்டுவிடும். காலையில் குளியலறைக்கு யார் முதலில் போவது என்ற வழக்கைத் தினமும் தீர்த்துவைப்பவர் சமையல் காக்காதான் (எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்) என்பதால் அவரையே போட்டுவிட்டார்கள். சமையல் காக்கா அன்றிலிருந்து தீர்ப்பு சொல்லும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் என் வேலையைச் செய்துவந்தேன். தலைவர் சிகரெட் பிடிப்பவர், குளிர் மாதத்தில் இருமுவார். அந்த இருமல் என் மார்பில்தான் கேட்கும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் அல்லவா அந்த இடத்தில் உட்காரவேண்டும். கடையிலிருந்து சுக்கும் திப்பிலியும் கொண்டுவந்து கஷாயம் வைத்துக் கொடுத்தேன். அவர் அப்ராப் படகில் ஏறி பர் துபாய் பக்கம் போகும்போது, "நடுவுல உக்காருங்க காக்கா, ஓரத்துல வேணாம்" என்று சொல்லி அனுப்புவேன். "எங்க வீட்டுல உள்ளவ கூட என்னய இப்படிப் பாத்துக்கிட்டதில்ல" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், தலைவருக்கு உண்மையில் ஒரு வேலை இருந்தது. எங்கள் ஊர்க்காரர் யாராவது ஊருக்குப் போக லீவு கேட்டு கஃபீல் கொடுக்கவில்லை என்றால், தலைவர் போய்ப் பேசுவார். கஃபீல் என்றால் நம்மை விசாவில் கூப்பிட்டு, நம் பாஸ்போர்ட்டைத் தன் மேசை டிராயரில் வைத்திருக்கும் அரபி முதலாளி. அவரிடம் நம் தலைவர் போய் உட்கார்ந்து, காவாக் காப்பி குடித்து, குசலம் விசாரித்து, கடைசியில் ஒரு வார்த்தை சொல்வார்: இவன் சொன்ன தேதிக்குத் திரும்பி வருவான், அதற்கு நான் பொறுப்பு. அந்த ஒரு வார்த்தைக்குப் பாஸ்போர்ட் டிராயரை விட்டு வெளியே வரும். பல வருடமாக எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் வழக்கம். தலைவர் அந்த வார்த்தையைப் பல் குத்திக்கொண்டே சொல்லுவார். எனக்கு என் சட்டைப் பொத்தானுக்குக்கூட நான் பொறுப்பு என்று சொல்லத் தைரியம் கிடையாது.

எழுபத்து நாலு ஜூலையில் தலைவர் இருமவே இல்லை. சவூதியில் அல் கோபாரில் ஒரு பெரிய துணிக்கடைக்காரர் அவரை மேனேஜராகக் கூப்பிட்டார். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவருடைய இருமலுக்குக் கவலைப்பட்டேன், அப்ராவுக்குக் கவலைப்பட்டேன். நல்ல சம்பளத்துக்குக் கவலைப்பட எனக்குத் தோன்றவில்லை.

அவர் போய் மூன்றாவது வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை ரேடியோவில் செய்தி வந்தது: அமெரிக்க ஜனாதிபதி ராஜினாமா செய்கிறார், இன்றைக்கே உப ஜனாதிபதி பதவி ஏற்கிறார். செயலாளர் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு எங்களுக்கு விளக்கினார். போன வருடம் அங்கே பழைய உப ஜனாதிபதி விலகினார். ஜனாதிபதி புதிதாக ஒருவர் பெயரைச் சொன்னார், அவர்களுடைய இரண்டு சபைகளும் சரி என்றன, அவர் உப ஜனாதிபதி ஆனார். இப்போது ஜனாதிபதியே விலகுகிறார், அதனால் இவரே ஜனாதிபதி. ஜனங்கள் இவருக்கு அந்த இரண்டு பதவிக்கும் ஒரு ஓட்டுகூடப் போடவில்லை. இனி இவர் இன்னொருவர் பெயரைச் சொல்வார், அவரும் ஓட்டு இல்லாமலேயே உப ஜனாதிபதி ஆவார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நம்ம காக்கா மாதிரி" என்று ஒருவர் சொன்னார்.

அதிலிருந்து ஜும்ஆவுக்குக் கிளம்பும்வரை நான் ஜனாதிபதிதான். ஜனாதிபதி குளித்தாச்சா, ஜனாதிபதி செருப்பை யார் போட்டுக்கொண்டு போனது, இப்படி. எனக்கு அது விளையாட்டாகவே படவில்லை. அந்த அமெரிக்கரை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. அந்த மனிதர் ராத்திரி எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ததில் இடது காலைக் கழுவினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் முதலிலிருந்து செய்தேன்.

சாப்பிட உட்காரும்போது அல் கோபாரிலிருந்து வந்த ஒருவர் கையில் கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். மேலே என் பெயர். விதிப்படி துணைத் தலைவர் என்றும் எழுதியிருந்தது. உள்ளே ஒரே வரி: நான் தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். கீழே கையெழுத்து. ஓரத்தில் சின்னதாக, கஷாயத்துக்கு நன்றி என்று இருந்தது.

அமெரிக்க ஜனாதிபதியும் ஒரே வரியில்தான் எழுதிக் கொடுத்தார் என்று பிற்பாடு செயலாளர் பேப்பரில் படித்துச் சொன்னார். பெரிய பதவியை விடுகிறவர்களுக்கு ஒரு வரி போதும். மாட்டிக்கொள்கிறவனுக்குத்தான் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படிக்கவேண்டியிருக்கிறது.

செயலாளருக்கு அன்று அமெரிக்கச் சட்டம் தலைக்கு ஏறியிருந்தது. நம் விதி பழைய முறை, அமெரிக்க முறைதான் சரி என்று ஆரம்பித்தார். அங்கே தலைவர் விலகினால் துணைத் தலைவர் தலைவராகவே ஆகிவிடுகிறார். மிச்சக் காலம் முழுவதும் அவர்தான். நடுவில் தேர்தல் என்ற அலைச்சல் இல்லை. நம் தலைவருக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறது, காக்காவே இருந்துவிட்டுப் போகட்டும், விதியை மாற்றிவிடலாம் என்றார். பாதிப் பேர் கையைத் தூக்கப் போனார்கள்.

என் வாழ்க்கையில் நான் எழுந்து நின்று பேசிய முதல் பேச்சு அதுதான். நாம் இந்தியர்கள் என்றேன். நம் நாட்டுச் சட்டம் என்ன குறைச்சல் என்றேன். ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று பெரியவர்கள் யோசிக்காமலா எழுதினார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் நம் ஜனாதிபதி பதவியில் இருக்கும்போதே மௌத்தானபோது என்ன செய்தார்கள்? உப ஜனாதிபதி கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு தேர்தலில் தானே நிற்பதற்காக விலகினார், தலைமை நீதிபதி கொஞ்ச நாள் பார்த்தார், தேர்தல் நடந்தது, முடிந்தது. நாடு என்ன மூழ்கியா போனது? இதோ இந்த மாதம்கூட ஊரில் புது ஜனாதிபதிக்குத் தேர்தல் நடக்கிறது, நாம் இங்கே உட்கார்ந்து அமெரிக்காவுக்கு வால் பிடிக்கிறோமே என்றேன். இவ்வளவும் பொட்டலம் மடிக்கும் பேப்பரில் படித்தது. அன்றைக்கு என்னைப்போல் தேசபக்தன் தேராவில் வேறு ஒருவன் இருந்திருக்க மாட்டான்.

கை தட்டினார்கள். விதி மாறவில்லை. ஆறு மாதம்தான் என்று முடிவானது. நான் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, மூலையில் இருந்த தையல்காரர் மெல்லக் கேட்டார்.

"அப்ப காக்கா, எங்க கஃபீல்ட்ட நாளைக்கி நீங்கதான் வரணும்?"

தையல்காரர் எங்களோடுதான் தங்கியிருந்தார். அரபிகள் உடுத்தும் வெள்ளைக் கந்தூரா தைக்கும் கடையில் வேலை. ஊரில் அவருடைய மகளுக்கு நிக்காஹ் தேதி வைத்தாயிற்று. பம்பாய்க்குப் போகும் கப்பல் புதன்கிழமை. அதை விட்டால் அடுத்த கப்பலில் போய்ச் சேருவதற்குள் நிக்காஹ் முடிந்துவிடும். கஃபீல் லீவு தரமாட்டேன் என்று நின்றார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இன்னும் ஐந்து வாரத்தில் நோன்பு. நோன்பு வந்தாலே பெருநாள் கந்தூராவுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில் ஊருக்குப் போன தையல்காரர்கள் அம்மை போட்டிருக்கிறது, மழை பெய்கிறது என்று தந்தி அடித்துவிட்டுப் பெருநாள் முடிந்துதான் வருவார்கள். கஃபீல் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறார். பழைய தலைவர் வந்து சொன்னால் மட்டும் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பழைய தலைவர் அல் கோபாரில் மேனேஜர்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு வழி தெரிந்தது. நானும் விலகிவிட்டால் பொறுப்பு தலைமை நீதிபதிக்குப் போய்விடும். அவர் தைரியசாலி. கொதிக்கிற எண்ணெய்க்கே பயப்படாதவர். ஒரு தாளில் நானும் ஒரே வரி எழுதினேன். எழுதிவிட்டு யாரிடம் கொடுப்பது என்று செயலாளரைக் கேட்டேன்.

அவர் நோட்டைப் பார்த்தார். "துணைத் தலைவர் தலைவர்ட்ட குடுக்கணும். தலைவர் வேலைய இப்பப் பாக்குறது நீங்க. அப்ப ஒங்கள்ட்டத்தான் குடுக்கணும் காக்கா" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவருக்கு இதெல்லாம் பரீட்சைக் கேள்வி மாதிரி.

நான் எழுதி, நானே வாங்கி, நானே படித்துப் பார்த்து, சரி என்று சொல்லவேண்டுமாம். கடிதத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். நான் விலகுவதற்கு நானே சம்மதிக்கலாமா என்று யோசித்தேன். பின்னால் யாராவது கேட்டால்? ஒருவன் தன் கடிதத்தைத் தானே ஏற்றுக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊரில் பேச மாட்டார்களா? அரைமணி நேரம் என்னிடம் நானே அவகாசம் கேட்டேன்.

அந்த அரைமணியில் சமையல் காக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். யோசிக்கவே இல்லை, தாராளமாகப் போகிறேன் என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தலைமை நீதிபதியின் குரலில் ஒரு விஷயம் சொன்னார்.

"தம்பி, எனக்கு அரபில தெரிஞ்சது ஒரே வார்த்த. மாஃபி. கடைக்காரன் எதச் சொன்னாலும் மாஃபின்னு சொல்லிருவேன், வெல கொறையும். நாளைக்கி அந்த ஆளு, இவன் திரும்ப வருவானான்னு கேட்டாலும் எனக்கு வாயில அதுதான் வரும். பரவாயில்லன்னா சொல்லுங்க, சட்டையப் போடுறேன்."

மாஃபி என்றால் இல்லை.

திரும்பி வந்தபோது தையல்காரர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நான் அங்கே விட்டுப்போன ராஜினாமாத் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். படித்ததை அழகாக மடித்து, என் தலையணைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ராஜினாமாவை நான் ஏற்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் போனோம். கஃபீல் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் ரேடியோ. பழைய தலைவர் எங்கே என்று கேட்டார். அல் கோபார் என்றேன். அப்படியானால் நீ யார் என்றார். சங்கத்தின் தலைவர் வேலையைப் பார்க்கிறவன் என்றேன். எப்போதிலிருந்து? நேற்றிலிருந்து.

அவர் ரேடியோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அமெரிக்கா மாதிரியா என்று கேட்டார்.

இல்லை, இல்லை, இந்தியா மாதிரி என்றேன். அங்கே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் பின்னால் வந்து நீ ஏமாற்றிவிட்டாய் என்று இந்த மனிதர் கேட்டுவிடக் கூடாதே என்ற கவலையில், ஏலக்காய் விற்கத் தெரிந்த அரபியில் இந்திய அரசியல் சட்டம் முழுவதையும் அவருக்குச் சொன்னேன். நான் முழுத் தலைவர் இல்லை, ஆறு மாதத்துக்குத்தான், என் வார்த்தையும் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் சமையல்காரர் பொறுப்பு. பேச்சில் சமையல்காரர் வந்ததும் பக்கத்தில் நின்ற தையல்காரர் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தார்.

கஃபீல் கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். காவா ஊற்றிக் கொடுத்தார். எங்கள் நாட்டிலும் ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர் உண்டு, ஏழு அமீர்கள் கூடி உட்கார்ந்து தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள், நாடு பிறந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, அவர்களே உன் அளவுக்குப் பயப்படவில்லையே என்றார். எனக்குத் தையல்காரன் பெருநாள்வரைக்கும்தான் வேண்டும், உன் ஆறு மாதம் தாராளம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: நோன்புப் பிறைக்கு முன்னால் இவன் வரவில்லை என்றால்?

நான் பொறுப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. பொறுப்பு என்றால் என்ன செய்வேன்? பழைய தலைவர் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய மனிதர் நின்றார். நான் சொன்னால் என் பின்னால் யார்? தையல்காரரின் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவர் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இங்கே வந்தவர். இதுவரை அவளை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறார்.

"அவன் வர்ற வரைக்கும் நான் வந்து இங்கே உட்காருவேன்" என்றேன்.

தைக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. பொத்தான்? என் சட்டைக்கு நானே தைத்திருக்கிறேன். காட்டச் சொன்னார். எட்டி என் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. அறுந்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஒரு பொத்தானுக்கு முப்பது சுற்று நூல் போடுகிறவன்.

கலாஸ், முடிந்தது என்று சொல்லி எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் வரவில்லை என்றால் உட்காருவது என்ற பேச்சு இல்லை, நாளைக்கே வந்து உட்கார், இவன் வரும்வரை தினமும் பொத்தான் உன் வேலை என்றார்.

புதன்கிழமை தையல்காரர் கப்பல் ஏறினார். மதியம் ஒன்றிலிருந்து நாலுவரை சந்தையில் கடைகள் மூடியிருக்கும், எல்லாரும் படுப்பார்கள். நான் அந்த வெயிலில் நடந்துபோய்ப் பொத்தான் தைத்தேன். என் கையில் காலையிலிருந்து அள்ளிய ஏலக்காய் மணம் இருக்கும். கந்தூராவெல்லாம் பாயசம் மாதிரி மணக்கிறது என்று வாங்கிப் போனவர்கள் சொன்னதாகக் கஃபீல் என்னிடம் மிகவும் மரியாதையோடு தெரிவித்தார். எங்கள் அறையில் அதைவிட மோசம். ஜனாதிபதி மாளிகையில் இன்று எத்தனை பொத்தான் என்று சாப்பாட்டில் கேட்பார்கள். அமெரிக்க ஜனாதிபதிக்கு இந்தத் தொல்லை இல்லையே என்பார் செயலாளர்.

நான் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன். நிக்காஹ் நல்லபடி முடிந்தது, இரண்டு ஆடு அறுத்தோம் என்று தையல்காரரிடமிருந்து சமையல் காக்காவுக்குக் கடிதம் வந்தது. எப்போது திரும்புகிறேன் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள்ளும் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு விருந்து, மறுவீடு, அதற்குப் பிறகு அவருக்கு வயிற்றுவலி, ரயில் கவிழ்ந்தது, கப்பல் பழுது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே நடக்கக்கூடியதாகத்தான் இருந்தது. கப்பல் வருகிற அன்று கரையில் போய் நின்றேன். வந்தது. இறங்கினவர்களில் அவர் இல்லை. இனி ஒரே ஒரு கப்பல்தான் நோன்புக்கு முன்னால். கஃபீல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் வைக்கிற கந்தூராக்களை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.

பிறைக்கு இரண்டு நாள் முன்னால், மதியம், நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தெரிந்தது. தையல்காரர் பெட்டியோடு நின்றார். துறைமுகத்திலிருந்து அறைக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறார். முகம் உருண்டிருந்தது, சட்டை வயிற்றில் பிடித்தது. நான் எழுந்தேன். அவர் என் கையைப் பிடிப்பார், கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நேரே மேசைக்குப் போய், தைத்து மடித்து வைத்திருந்த கந்தூராவில் ஒன்றை எடுத்து, பொத்தானைத் துளையில் மாட்டிப் பார்த்தார். மாட்டவில்லை. நூல் அடுக்கி அடுக்கிப் பொத்தான் ஒரு கொட்டைப்பாக்கு மாதிரி எழும்பி நின்றது.

"காக்கா, இதப் போட்டவன் மௌத்தானாத்தான் கழட்டுவான் போலருக்கு" என்றார்.

பிளேடை எடுத்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம்வரை நான் தைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு மறுபடி தைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தேன். மகள் நிக்காஹ் கதையை அப்போதுதான் சொன்னார். முதல் கப்பலில் அவருக்கு இடம் கிடைக்கவில்லையாம். இடம் வாங்கிக் கொடுங்கள், அங்கே ஒரு மனிதர் செத்துப்போவார் என்று டிக்கெட் ஆபீஸில் மன்றாடினேன் என்றார்.

பெருநாள் போயிற்று, ஆறு மாதமும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. நடுவில் எனக்கு வேறு வேலை வராமல் இருக்கவில்லை. இன்னும் இரண்டு கஃபீல்களிடம் போனேன். இரண்டு பேரிடமும் சட்டத்தை முழுவதும் சொன்னேன். இரண்டு பேரும் நடுவிலேயே பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் தேர்தல் வெள்ளிக்கிழமை வந்தபோது, போட்டியே வேண்டாம், காக்காவே புதிதாக மூன்று வருடத்துக்கு முழுத் தலைவராக இருக்கட்டும் என்று எல்லாரும் பேசி வைத்திருந்தார்கள். இந்த முறை கையில் சோறு எடுப்பதற்கு முன்னாலேயே கேட்டார் செயலாளர், முறையாக நடக்கவேண்டும் என்று. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். அவர்கள் ஆசையாகக் கேட்கும்போது எப்படிச் சொல்வது? மனதுக்குள் அடுத்த மூன்று வருடத்துக் கப்பல்களை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

தையல்காரர் எழுந்து நின்றார்.

"எனக்கு ஆட்சேபண இருக்கு" என்றார். "இவரு கவலையில மெலிய மெலிய, சட்டைய நான்தான் உள்ள பிடிச்சுத் தைச்சுத் தர்றேன். நான் ஊர்லேர்ந்து வந்தப்ப ரெண்டு விரல் பிடிச்சேன். அதுக்குப் பொறவு ஒருத்தரு லீவுக்கு ஒரு விரல், இன்னொருத்தருக்கு ஒண்ணரை. இன்னும் மூணு வருஷம் இவரு இருந்தாருன்னா பிடிக்கிறதுக்கு உள்ள ஆளு இருக்க மாட்டாரு. என் மவ நிக்காஹ நான் பாத்தது இவராலதான். அதனால சொல்லுறேன், இவர எறக்கி விட்டுருங்க."

சமையல் காக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்சேபணை செல்லும் என்றார். செயலாளர் தன் பெயரை யாராவது சொல்வார்கள் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார், சொன்னார்கள். அவரே தலைவராக வரலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சமையல் காக்கா சொன்னபோது எல்லாக் கையும் ஒரே நேரத்தில் மேலே போனது. என் கையும் போனது. கவலை ஒன்று என்னை விட்டு இறங்கிப்போவதை நான் உடம்பில் உணர்ந்தேன். சோறு வந்தது. முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போதுதான், அவர்களில் ஒருவராவது என்னை விட்டுவிட்டுக் கையைத் தூக்கும் முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அன்று முழுவதும் அதே நினைப்பாக இருந்தது.